விரோதி காப்பாற்றிய படங்கள்

வணக்கம் நேயர்களே.

1990களில் கேபிள் இணைப்பு உள்ள வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது ஞாபகம் இருக்கும். பகலில் கார்ட்டூன் நெட்வொர்க் ஓடும். இருட்டியதும் அதே சேனல் டி.என்.டி. என்று மாறிவிடும். கார்ட்டூன் போய், ஐம்பது அறுபது வருடத்துக்கு முந்தைய ஹாலிவுட் படங்கள் வரும். பிள்ளைகள் முகம் சுளித்துக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள். நான் அங்கேயே உட்கார்ந்திருப்பேன். ஜேம்ஸ் ஸ்டூவர்ட், பார்பரா ஸ்டான்விக், கேரி கிராண்ட் எல்லாரும் எனக்கு அறிமுகமானது அப்படித்தான். தியேட்டரில் இல்லை, வீட்டுக் கூடத்தில்.

சொந்தக் கதையை எதற்குச் சொல்கிறேன் என்றால், அமெரிக்காவிலேயே கோடிக்கணக்கான பேருக்கு அப்படித்தான் நடந்தது. ஹாலிவுட் யாரைத் தன் பரம விரோதியாக நினைத்ததோ, அந்தத் தொலைக்காட்சிதான் பழைய ஹாலிவுட்டைக் காப்பாற்றிக் கொடுத்தது. இன்றைக்கு நான் சொல்ல வந்தது இதுதான்.

காப்பாற்றியது என்று ஏன் சொல்கிறேன்? ஸ்டுடியோக்கள் தங்கள் படங்களை எப்படி வைத்திருந்தன என்று பார்த்தால் தெரியும். அந்தக் காலத்து ஃபிலிம் நைட்ரேட் ஃபிலிம். சுலபமாகத் தீப்பிடிக்கும், பிடித்தால் தண்ணீர் ஊற்றினாலும் அணையாது. 1937 ஜூலையில் நியூ ஜெர்சியில் லிட்டில் ஃபெர்ரி என்ற ஊரில் ஃபாக்ஸ் நிறுவனத்தின் ஃபிலிம் கிடங்கு எரிந்தது. அந்த நிறுவனத்தின் மௌனப் படங்களில் பெரும்பகுதி அன்றே போய்விட்டது. தீயில் போனது ஒரு பங்கு. பேசும் படம் வந்த பிறகு ஊமைப் படத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்று தூக்கிப் போட்டதும், ஃபிலிமில் உள்ள வெள்ளியைப் பிரித்தெடுக்கக் கொடுத்ததும் இன்னொரு பங்கு. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2013-இல் ஒரு கணக்கு வெளியிட்டது. அமெரிக்காவில் எடுத்த முழுநீள மௌனப் படங்கள் கிட்டத்தட்ட 11,000. அவற்றில் 100-க்கு 70 இன்று எங்குமே இல்லை.

படம் ஓடி முடிந்தால் அதன் வேலை முடிந்தது. ஸ்டுடியோக்காரர்களின் எண்ணம் அவ்வளவுதான். பழைய படத்துக்கு ஒரு விலை உண்டு என்று அவர்களுக்குக் காட்டியதே தொலைக்காட்சிதான்.

ஆனால் முதலில் அவர்கள் அதை அண்டவிடவில்லை. 1946-இல் அமெரிக்காவில் வாரத்துக்கு எட்டு ஒன்பது கோடி டிக்கெட் விற்றது. சில வருடங்களிலேயே அது பாதியாகச் சரிந்தது. 1948-இல் உச்ச நீதிமன்றத்தில் வந்த தீர்ப்பால் பெரிய ஸ்டுடியோக்கள் தங்கள் கையில் இருந்த தியேட்டர்களை விட்டுவிட வேண்டியதாயிற்று. அந்த நேரம் பார்த்து வீட்டுக்கு வீடு டிவி. கோபம் வராமல் இருக்குமா? எங்கள் படத்தை உனக்குத் தரமாட்டோம் என்று கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

அந்தக் கதவை அகலத் திறந்தது ஆர்.கே.ஓ. 'கிங் காங்' எடுத்த ஸ்டுடியோ, 'சிட்டிசன் கேன்' எடுத்த ஸ்டுடியோ. அதை வைத்திருந்தவர் ஹோவர்ட் ஹியூஸ். 1955-இல் அவர் டயர் கம்பெனி ஒன்றின் கிளை நிறுவனத்துக்கு ஸ்டுடியோவை விற்றார். அவர்கள் அதே வருடக் கடைசியில் எழுநூற்றுச் சொச்சம் படங்களின் தொலைக்காட்சி உரிமையை ஒரு கோலா கம்பெனிக்கு விற்றார்கள். ஆமாம், குளிர்பானம் விற்கிற கம்பெனி. படத் தொடக்கத்தில் வருமே, பூமி உருண்டை மேல் நிற்கும் ரேடியோ கோபுரம், அந்த ஆர்.கே.ஓ. முத்திரையை எடுத்துவிட்டுத் தங்கள் முத்திரையைப் போட்டுக்கொண்டார்கள். அது எனக்கு இன்றும் வருத்தம்தான். ஆனால் படங்கள் வெளியே வந்தன. அடுத்த வருடமே வார்னர் தன் பழைய படங்களை 2 கோடியே 10 லட்சம் டாலருக்கு விற்றது. 1958-இல் பாரமவுண்டும் விற்றது.

அப்போது நியூயார்க்கில் 'மில்லியன் டாலர் மூவி' என்று ஒரு நிகழ்ச்சி. ஒரே படத்தை வாரம் முழுக்க, தினமும் திரும்பத் திரும்பப் போடுவார்கள். ஆஸ்துமா இருந்ததால் மற்ற பிள்ளைகள் மாதிரி ஓடி விளையாட முடியாத ஒரு சிறுவன் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தான். மார்ட்டின் ஸ்கோர்செஸிதான் அந்தச் சிறுவன். 'த டேல்ஸ் ஆஃப் ஹாஃப்மன்' என்ற பிரிட்டிஷ் வண்ணப் படத்தை அங்கேதான் பார்த்தார். கறுப்பு வெள்ளையில், வெட்டிச் சுருக்கி, நடுநடுவே விளம்பரத்தோடு. அப்படிப் பார்த்தும் அது அவரை விடவில்லை. 1990-இல் பழைய படங்களை மீட்பதற்காக ஃபிலிம் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பைத் தொடங்கினார். அந்தப் படமும் அதன் உதவியோடு முழு வண்ணத்தில் மீண்டு வந்தது.

சரி, எனக்கு மிகப் பிடித்த கதைக்கு வருகிறேன். 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்'. பார்க்காதவர்களுக்காக ஒரு வரி: சின்ன ஊரில் ஏழைகளுக்கு வீட்டுக்கடன் கொடுக்கும் ஒரு சங்கத்தை நடத்துகிறவன், பணம் தொலைந்துபோய், கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு பாலத்தின் மேல் நின்று சாகலாமா என்று யோசிக்கிறான். நீ பிறக்காமலே இருந்திருந்தால் இந்த ஊர் எப்படி இருந்திருக்கும் பார் என்று ஒரு தேவதூதன் வந்து காட்டுகிறான்.

ஃபிராங்க் காப்ரா இயக்கிய படம். போரிலிருந்து திரும்பிய பிறகு ஜேம்ஸ் ஸ்டூவர்ட் நடித்த முதல் படம். குண்டுவீச்சு விமானத்தை ஓட்டி 20 முறை போர்முனைக்குப் போய் வந்தவர் அவர். அந்த முகத்தில் தெரியும் களைப்பு நடிப்பு மட்டும் இல்லை என்று நான் நினைக்கிறேன்.

இந்தப் படத்தின் பனியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். வானொலிக்கு ஏற்ற கதை, ஏனென்றால் அது சத்தத்தைப் பற்றிய கதை. அதற்கு முன் ஹாலிவுட்டில் பனி என்றால் பெரும்பாலும் வெள்ளை பூசிய கார்ன்ஃப்ளேக்ஸ்தான். மேலிருந்து கொட்டுவார்கள், தரையிலும் பரப்புவார்கள். நடிகர் காலை வைத்தால் மொறுமொறு என்று அப்பளம் நொறுங்குகிற மாதிரி சத்தம். வசனம் காதில் விழாது. அதனால் அந்தக் காட்சிகளுக்குப் பிறகு உட்கார்ந்து டப்பிங் பேசுவார்கள். காப்ராவுக்கு அது ஒத்துவரவில்லை. ஸ்டூவர்ட் பாலத்தில் நின்று அழுவதை அந்த இடத்திலேயே, அந்தக் குரலிலேயே பதிவுசெய்ய நினைத்தார். ஆர்.கே.ஓ.வின் சிறப்புக் காட்சிப் பிரிவினர் யோசித்தார்கள். தீயணைப்புக் கருவியில் இருக்கும் நுரையைச் சோப்போடும் தண்ணீரோடும் கலந்து காற்றாடியில் ஊதினார்கள். சத்தமே இல்லாமல் விழுந்தது பனி. அதற்காக அவர்களுக்கு, ஆஸ்கர் தரும் அகாடமியின் தொழில்நுட்ப விருதும் கிடைத்தது. நேயர்களே, இதையெல்லாம் எடுத்தது கலிஃபோர்னியாவில், 1946-இல், கொளுத்தும் கோடையில். அடுத்த முறை பார்க்கும்போது கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டுப் பாருங்கள். பனி பெய்யும்போது அந்தக் குரல் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது!

இத்தனையும் செய்து படம் வெளியானது 1946 டிசம்பரில். ஐந்து ஆஸ்கர் பரிந்துரைகள். ஆனால் 30 லட்சம் டாலருக்கு மேல் செலவு. போட்ட பணம் திரும்பவில்லை. காப்ரா நண்பர்களோடு சேர்ந்து தொடங்கிய லிபர்ட்டி ஃபிலிம்ஸ் அடுத்த வருடமே விலைபோனது. படத்தின் உரிமை கை மாறிக் கை மாறி ஒரு தொலைக்காட்சி விநியோக நிறுவனத்திடம் வந்து சேர்ந்தது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி பதிப்புரிமை 28 வருடத்துக்கு. அதற்குள் புதுப்பித்தால் இன்னும் 28 வருடம். 1974-இல் புதுப்பிக்க வேண்டிய நேரம். விட்டுவிட்டார்கள்.

அதற்கப்புறம் யார் வேண்டுமானாலும் ராயல்ட்டி கொடுக்காமல் படத்தைப் போடலாம் என்று ஆயிற்று. கிறிஸ்துமஸ் சமயத்தில் நேரத்தை நிரப்பப் படம் தேடும் சின்னச் சின்ன நிலையங்கள் எல்லாம் இதைப் போட்டன. ஒரே ஊரில் இந்தச் சேனலிலும் வரும், அந்தச் சேனலிலும் வரும். தியேட்டரில் சுமாராக ஓடிய படம், முப்பது வருடம் கழித்து, ஒவ்வொரு வீட்டுக்கும் கிறிஸ்துமஸ் படமாகிவிட்டது. காப்ரா அதைப் பார்த்து அதிசயப்பட்டார். பெற்ற பிள்ளை தானாக வளர்ந்து நாட்டின் ஜனாதிபதி ஆகிவிட்டதைப் பார்க்கும் தகப்பன் நிலையில் இருக்கிறேன் என்கிற மாதிரி ஒரு பேட்டியில் சொன்னார். 1990-களில் மூலக்கதையின் உரிமையையும் இசையின் உரிமையையும் காட்டிப் படத்தை மறுபடி ஒரு நிறுவனம் தன் கைக்குள் கொண்டுவந்தது. ஆனால் அதற்குள் அது மக்களின் படமாகிவிட்டது.

திரும்பவும் சொல்கிறேன். இந்தப் படத்தை ஸ்டுடியோ காப்பாற்றவில்லை, விருது காப்பாற்றவில்லை. தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பப் போட்டதுதான் காப்பாற்றியது. நம் வீடுகளில் மட்டும் என்ன? தாத்தா பாட்டி பார்த்த கறுப்பு வெள்ளைப் பாட்டு பேரப் பிள்ளைக்குத் தெரிகிறது என்றால், அது மதிய நேரத்துத் தொலைக்காட்சியால்தானே.

ஒரு பெண்மணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். லூசில் பால். 1930களில் ஆர்.கே.ஓ.வில் மாதச் சம்பளக்காரர்களைப் போல ஒப்பந்தத்தில் இருந்த நடிகை. 1951-இல் கணவர் டெசி ஆர்னாஸோடு 'ஐ லவ் லூசி' என்ற தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரைத் தொடங்கினார். நியூயார்க்கிலிருந்து நேரடியாக ஒளிபரப்புங்கள் என்று தொலைக்காட்சிக்காரர்கள் சொன்னார்கள். லூசிலும் டெசியும் ஹாலிவுட்டை விட்டுப் போகவில்லை. சம்பளத்தைக் குறைத்துக்கொள்கிறோம், 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் எடுக்கிறோம், ஃபிலிமின் உரிமை எங்களுக்கு என்றார்கள். பார்வையாளர்களை உட்கார வைத்து, மூன்று கேமராவில் எடுத்தார்கள். ஒளிப்பதிவாளர் யார் தெரியுமா? ஜெர்மனியில் 'மெட்ரோபோலிஸ்' எடுத்த கார்ல் ஃப்ராய்ண்ட்! மூன்று கேமராவுக்கும் ஒரே நேரத்தில் பொருந்துகிற மாதிரி சமமாக ஒளி அமைத்துக் கொடுத்தார். ஃபிலிமில் இருந்ததால்தான் அந்தத் தொடரை இன்றைக்கும் பளிச்சென்று பார்க்க முடிகிறது. 1957 இறுதியில் அவர்களுடைய டெசிலு நிறுவனம் ஆர்.கே.ஓ.வின் ஸ்டுடியோ இடங்களையே வாங்கிவிட்டது. ஒரு காலத்தில் சின்ன வேடத்துக்குக் காத்திருந்த அதே இடத்துக்கு அவர் முதலாளியானார். எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது.

தொலைக்காட்சியைப் புகழ்ந்துகொண்டே போகிறேன். அது செய்த கெடுதலையும் சொல்லிவிட வேண்டும். டிவியோடு போட்டிபோட 1953-இல் 'த ரோப்' படத்தோடு சினிமாஸ்கோப் வந்தது. உயரத்தைப் போல இரண்டரை மடங்கு அகலம். நம் ஊருக்கு 1973-இல் 'ராஜ ராஜ சோழன்' படத்தோடு வந்தது இல்லையா, அதேதான். அந்த அகலமான படத்தைப் பழைய டிவியின் கட்டத்துக்குள் அடைத்தால் கிட்டத்தட்ட பாதிப் படம் வெளியே போய்விடும். இருவர் பேசுகிற காட்சியில் இந்த ஓரம் ஒரு மூக்கு, அந்த ஓரம் ஒரு மூக்கு, நடுவில் வெறும் சுவர். இயக்குநர் யோசித்து யோசித்து ஓரத்தில் நிறுத்திய ஆளை யாரோ ஒருவர் வெட்டி எறிவதை என்னால் இன்றும் சகிக்க முடியவில்லை. மேலும் கீழும் கறுப்புப் பட்டை வந்தால் டிவி கெட்டுப்போய்விட்டதோ என்று ரிமோட்டைத் தேடாதீர்கள், தயவுசெய்து. அந்தப் பட்டை இருந்தால் முழுப் படத்தையும் பார்க்கிறீர்கள்.

இன்னொரு கெடுதல், 1980களில் கறுப்பு வெள்ளைப் படங்களுக்குக் கம்ப்யூட்டரில் சாயம் பூசியது. 'வொண்டர்ஃபுல் லைஃப்' படத்துக்கும் பூசினார்கள். காப்ரா எதிர்த்தார், ஸ்டூவர்ட் எதிர்த்தார். தொலைக்காட்சி முதலாளி டெட் டர்னர் 1986-இல் எம்.ஜி.எம். ஸ்டுடியோவை வாங்கி, அந்தப் பெரிய படக் களஞ்சியத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, பல படங்களுக்குச் சாயம் பூசச் சொன்னார். அந்தச் சண்டை முற்றித்தான் 1988-இல் அமெரிக்கா படப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. வருடத்துக்கு 25 படங்களைத் தேசியப் பதிவேட்டில் சேர்க்கத் தொடங்கியது. ஆனால் அதே டர்னர்தான் 1994 ஏப்ரல் 14-இல் டர்னர் கிளாசிக் மூவிஸ் சேனலைத் தொடங்கினார். வெட்டு இல்லை, நடுவில் விளம்பரம் இல்லை. அந்த நாட்களில் ராபர்ட் ஆஸ்போர்ன் என்ற தொகுப்பாளர் படத்துக்கு முன்னால் வந்து நின்று, யார் எடுத்தது, எப்படி எடுத்தார்கள் என்று பொறுமையாகச் சொல்லுவார். அந்த இரண்டு நிமிடப் பேச்சில் நான் கற்றது நிறைய. சாயம் பூசியதை மன்னிக்க மாட்டேன். இந்தச் சேனலுக்கு நன்றி சொல்லாமலும் இருக்க மாட்டேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், நேரம் நெருங்கிவிட்டது. போரும் வரலாறும் பற்றித் தனியாகப் பேச நினைத்திருந்தேன். வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப் போரில் ஹாலிவுட்டின் பெரிய இயக்குநர்களே ராணுவத்துக்காகப் படம் எடுக்கப் போனார்கள். ஜான் ஃபோர்ட் 1942-இல் மிட்வே சண்டையைப் படமெடுக்கும்போது காயப்பட்டார். ஜார்ஜ் ஸ்டீவன்ஸ் டாஹவ் வதைமுகாமில் எடுத்த காட்சிகள், நாஜித் தலைவர்கள் மீது நடந்த நியூரம்பெர்க் விசாரணையில் சாட்சியாகின. வில்லியம் வைலர் விமானத்தில் படமெடுக்கப் போய் ஒரு காதின் கேட்கும் சக்தியை இழந்து திரும்பினார். திரும்பி வந்து அவர் எடுத்த படம் 'த பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்'. காப்ரா படத்தின் அதே 1946. ஆஸ்கரில் காப்ராவை ஜெயித்ததும் அதுதான். அதில் கை இழந்த கடற்படை வீரராக வரும் ஹெரால்ட் ரஸ்ஸல், ராணுவப் பயிற்சியின்போது நடந்த வெடிவிபத்தில் நிஜமாகவே இரண்டு கைகளையும் இழந்தவர். ஒரே வேடத்துக்கு இரண்டு ஆஸ்கர் வாங்கியவர் அவர் ஒருவர்தான்.

இரண்டு படத்தையும் அடுத்தடுத்த நாளில் பாருங்கள். வைலர் படத்தில், ரஸ்ஸல் தன் இரும்புக் கொக்கிகளால் பியானோ வாசிக்கும் இடம் ஒன்று வரும். எல்லாருடைய கண்ணும் பியானோவுக்குத்தான் போகும். நீங்கள் பின்னால், தூரத்தில் இருக்கும் டெலிஃபோன் கூண்டைப் பாருங்கள். கதை அங்கேதான் நடக்கிறது. நன்றி, வணக்கம்.