கேமராவுக்குப் பின்னால் இருபது ஆண்டுகள்

நேயர்களுக்கு வணக்கம். ஹாலிவுட்டில் உச்சிக்குப் போய், விழுந்து, மறுபடி எழுந்த நடிகர்கள் என்றால் நடுவில் குடி, போதை, வழக்கு என்று ஏதாவது இருக்கும். கீ ஹுய் குவான் கதையில் அப்படி எதுவும் இல்லை. அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. வேடம் கொடுக்கத்தான் ஆளில்லை.

1971இல் சைகோனில் பிறந்தவர். 1978இல் குடும்பம் இரண்டாகப் பிரிந்து தப்பியது. அப்பாவோடு இவர் ஹாங்காங் அகதி முகாமுக்கு, அம்மா மலேசியாவுக்கு. மறு வருடம் அமெரிக்காவில் ஒன்று சேர்ந்தார்கள். லாஸ் ஏஞ்சலிஸில் நடிகர் தேர்வுக்குச் சகோதரனோடு துணைக்குப் போனவர், ஓரமாக நின்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். தேர்வு நடத்தியவரின் கண் இவர்மேல் விழுந்தது. அப்படிக் கிடைத்ததுதான் 1984இல் வந்த இரண்டாவது இண்டியானா ஜோன்ஸ் படம்.

கதை நடப்பது இந்தியாவில். ஆனால் நமது அரசு திரைக்கதையை ஏற்காததால் படப்பிடிப்பு இலங்கைக்குப் போனது. கண்டிக்குப் பக்கத்தில் விக்டோரியா அணை கட்டிக்கொண்டிருந்த இடத்தில்தான் படத்தின் உச்சக்கட்டத்தில் வரும் தொங்கு பாலத்தைக் கட்டினார்கள். இந்தியர்களை அந்தப் படம் காட்டிய விதம் எனக்கு இன்றும் பிடிக்காது. ஆனால் கதாநாயகன் ஹாரிசன் ஃபோர்டுக்கு ஈடுகொடுத்து நின்ற பொடியன் குவான் அற்புதம்.

அடுத்த வருடம் சிறுவர் சாகசப் படமான 'கூனீஸ்'. அப்புறம் வாய்ப்புகள் வற்றிப்போயின. ஓரிரு வரி வசனம் உள்ள வேடத்துக்கும் ஆசிய நடிகர்கள் கூட்டமாகக் காத்திருந்த காலம். குவான் கல்லூரியில் சினிமா படித்தார். 2000இல் வந்த 'எக்ஸ்-மென்' படத்தில் சண்டைக் குழுவில் வேலை செய்தார். ஹாங்காங் இயக்குநர் வோங் கார்-வாயிடம் '2046' படத்தில் உதவி இயக்குநரானார்.

2018இல் ஆசிய நடிகர்களே முக்கிய வேடங்களில் நடித்த ஹாலிவுட் படமான 'கிரேஸி ரிச் ஏசியன்ஸ்' பார்த்து அழுதாராம். நடிக்கும் ஆசை திரும்பியது. வந்தது 'எவ்ரிதிங் எவ்ரிவேர் ஆல் அட் ஒன்ஸ்'. ஒப்பந்தம் பேசிய வழக்கறிஞர் யார் தெரியுமா? கூனீஸில் கூட நடித்த ஜெஃப் கோஹன்!

அதில் வரி அலுவலகக் காட்சியைப் பாருங்கள். காவலர்கள் சூழ்ந்ததும், அப்பாவிக் கணவராக வரும் குவான் இடுப்புப் பையைக் கழற்றி வாரைப் பிடித்துச் சுழற்றுகிறார். அந்த வேகம் சண்டைக் குழுவில் இருந்த வருடங்களிலிருந்து வந்தது. இன்னொரு இடத்தில் கோட்டு சூட்டோடு சந்தில் நின்று மெல்லப் பேசுகிறார். அது அப்படியே வோங் கார்-வாய் படச் சாயல். வீணாய்ப்போனதாகத் தோன்றிய வருடங்கள் எல்லாம் அந்த ஒரே வேடத்துக்குள் வந்து உட்கார்ந்துவிட்டன.

ஆனாலும் இதை எண்ணி மகிழ மட்டும் எனக்கு முடியவில்லை. சின்ன வயதிலேயே நன்றாக நடித்த ஒருவரை முப்பது வருடங்களுக்கு மேல் ஒரு தொழில் ஓரம் கட்டியதே! படப்பிடிப்பு முடிந்த கையோடு கொரோனா வேறு. வேலை இல்லாமல் அவருடைய மருத்துவக் காப்பீடும் போனது.

2023 மார்ச்சில் சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கர் வாங்கி, வீட்டில் பார்த்துக்கொண்டிருந்த 84 வயது அம்மாவை மேடையிலிருந்து கூப்பிட்டு அழுதார். அதே இரவில் சிறந்த நடிகர் விருது வாங்கிய பிரெண்டன் ஃப்ரேசரும் வெகுநாள் ஒதுங்கியிருந்தவர். 1992இல் இருவரும் ஒரே படத்தில் நடித்திருக்கிறார்கள்.

அதற்கப்புறம் 'லோகி' தொடர். 2025இல் முதல்முறையாகக் கதாநாயகனாக 'லவ் ஹர்ட்ஸ்'. படம் ஓடவில்லை. ஆனால் இந்தத் தடவை வேலை நின்றுபோகவில்லை. அதே வருடம் வந்த 'சூடோபியா 2'வில் பாம்புக்குக் குரல் கொடுத்திருப்பவர் அவர்தான். பிள்ளைகளோடு பார்த்தால் அந்தக் குரலைக் கவனியுங்கள். வணக்கம்.