வெளிச்சத்துக்குக் காசு கொடுங்கள்

அன்பு நேயர்களுக்கு வணக்கம்.

இங்கே சிங்கப்பூரில் வார இறுதியில் பறவை பார்க்கக் கிளம்பும்போது என் பையில் எப்போதும் மூன்று பைனாக்குலர் இருக்கும். ஒன்று எனக்கு. மற்ற இரண்டும் வெறுங்கையோடு வருகிறவர்களுக்கு. பல வருடமாக இப்படிக் கொடுத்து வாங்கியதில் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். முதல் பைனாக்குலரைத் தப்பாக வாங்கிவிட்டவர்கள் அடுத்தது ஒன்று வாங்குவதில்லை. பறவை பார்க்க வருவதையே நிறுத்திவிடுகிறார்கள். அந்த வருத்தம்தான் என்னை இங்கே பேச வைத்திருக்கிறது.

நானும் முதலில் தப்பாகத்தான் வாங்கினேன். ஒரு கடைத்தொகுதியில், பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் "10 முதல் 30 மடங்கு ஸூம்" என்று போட்டிருந்தது. விற்றவர் வாசலுக்குக் கூட்டிப் போய் எதிர்க் கட்டடத்தின் விளம்பரப் பலகையைப் பார்க்கச் சொன்னார். நல்ல உச்சி வெயில். எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிந்தது. 90 வெள்ளியை எடுத்துக் கொடுத்துவிட்டேன். அந்த வாரமே காலை 7 மணிக்கு சுங்கை பூலோ ஈரநிலத்தில் அதைக் கண்ணில் வைத்தால் ஒரே மங்கல். 30 மடங்குக்குத் திருப்பினால் படம் ஆடியது. என் மூச்சுக்கு ஏற்ப மேலும் கீழும் போனது. பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், "இதுல பாருங்க தம்பி" என்று தன்னுடையதை நீட்டினார். தோல் உரிந்துபோன பழைய பைனாக்குலர். சேற்றில் ஓர் உள்ளான் நின்றிருந்தது. அதன் அலகு நுனியில் ஒட்டியிருந்த ஈரச் சேறு தெரிந்தது. கண்ணுக்கு மேலே ஓடும் வெள்ளைக் கோடு தெரிந்தது. அந்தப் பறவை வடக்கே சைபீரியப் பக்கமிருந்து பறந்து வந்து, செப்டம்பர் முதல் மார்ச் வரை நம் கரையில் தங்கிப் போகும் விருந்தாளி. பெரியவருடைய பைனாக்குலர் வெறும் 8 மடங்குதான்.

அப்படியானால் எதைப் பார்த்து வாங்குவது? பைனாக்குலரின் மேல் 8×42 என்று போட்டிருக்கும். முதல் எண், எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. இரண்டாவது, முன்பக்க லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். இரண்டாவதை முதலாவதால் வகுத்துப் பாருங்கள். 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25. உங்கள் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அகலம் அதுதான், 5.25 மில்லிமீட்டர். பைனாக்குலரைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்தால் கண் வைக்கும் லென்ஸின் நடுவே அந்த வட்டம் வெள்ளைப் பொட்டு மாதிரி தெரியும். உச்சி வெயிலில் நம் கண்ணின் பாவை 2, 3 மில்லிமீட்டருக்குச் சுருங்கிவிடும். அதனால்தான் கடை வாசலில் எல்லாப் பைனாக்குலரும் நன்றாகத் தெரிகின்றன. விடியலிலும் அந்தியிலும் பாவை 5 மில்லிமீட்டர், இளையவர்களுக்கு அதற்கு மேலும் விரியும். அப்போது சட்டைப்பையில் போடுகிற 10×25 தருவது 2.5 மில்லிமீட்டர்தான். கண் வாசலை அகலத் திறந்து வைத்திருக்கிறது, உள்ளே வரத்தான் வெளிச்சம் இல்லை.

இதை எனக்குப் புரிய வைத்தவர் நியூசிலாந்தில் இருக்கும் என் மச்சான். அங்கே அரசு நிலத்தில் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு மான் வேட்டைக்குப் போகிறவர். எனக்கு வேட்டையில் ஆர்வமில்லை, நம் ஊரில் வனவிலங்குச் சட்டம் அதற்கு இடம் கொடுப்பதும் இல்லை. ஆனால் பைனாக்குலரைப் பற்றி வேட்டைக்காரர்களிடம் கேட்டுக்கொள்ள நிறைய இருக்கிறது. மான்கள் மேய வெளியே வருவது பெரும்பாலும் விடியலிலும் அந்தியிலும். அந்த அரை வெளிச்சத்தில் எதிர்ச் சரிவில் நிற்பது மானா, புதரா, இன்னொரு மனிதரா என்று தெரிந்தாக வேண்டும். துப்பாக்கியில் பொருத்திய தூரநோக்கியால் அதைத் தேடவே கூடாது என்பார் மச்சான். பார்க்கிற பக்கமெல்லாம் குழாயும் சேர்ந்து திரும்புமே. அதனால் பைனாக்குலர் அவருக்கு உயிர் காக்கும் சாமான். அவர் வைத்திருப்பது 10×42. திறந்த மலைச்சரிவு, வெகு தூரம், உட்கார்ந்து முழங்காலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு பார்ப்பார். அங்கே 10 மடங்கு சரி.

நமக்கு அப்படி இல்லை. மெக்ரிச்சி காட்டிலோ புலாவ் உபின் தீவிலோ நின்றுகொண்டு, அண்ணாந்து, இலைகளுக்கு நடுவே பார்க்கிறோம். மாங்குயில் நமக்காகக் காத்திருக்காது. 8 மடங்கில் 1,000 மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 130 மீட்டர் அகலம் பார்வைக்குள் வரும். 10 மடங்கில் அது 100-ஐ ஒட்டிக் குறைந்துவிடும். அந்த வித்தியாசத்தில்தான் பறவை கிடைப்பதும் தவறுவதும். முதல் தடவை வாங்குகிறவருக்கு 8×42 என்று நான் தயங்காமல் சொல்வேன். பெரும்பாலும் 600 முதல் 800 கிராம் எடை வரும். கழுத்து வலி உள்ளவர்களும் பிள்ளைகளும் 8×32 எடுக்கலாம், பகலில் வித்தியாசம் தெரியாது, விடியலிலும் அந்தியிலும்தான் வெளிச்சம் குறையும்.

அப்புறம் நம் ஊரின் ஈரக்காற்று. வெளிநாட்டு ஆலோசனைகளில் இதற்கு இரண்டு வரிதான் கிடைக்கும், ஆனால் இங்கே பைனாக்குலரைக் கொல்வது இதுதான். பெரியவர் பேச்சைக் கேட்டு அடுத்து நான் வாங்கிய பைனாக்குலரை உறையோடு அலமாரியில் வைத்திருந்தேன். ஒரு வருடம் கழித்து எடுத்து விளக்கில் பிடித்துப் பார்த்தேன். லென்ஸின் உள்பக்கம் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சிலந்தி நூல் மாதிரி வெள்ளை இழைகள் ஓடியிருந்தன. பூஞ்சை. துடைத்தால் போகாது, உள்ளே இருக்கிறது; முற்றிவிட்டால் கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும். ஆகவே முடிந்தவரை நீர் புகாத, உள்ளே நைட்ரஜன் அடைத்து மூடிய பைனாக்குலராக வாங்குங்கள். காய்ந்த வாயு என்பதால் உள்ளே ஆவி படியாது. அப்படி வாங்க வசதிப்படவில்லை என்றால், மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். துணி உறையில் மட்டும் வைக்காதீர்கள், அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஏர்கான் பேருந்திலிருந்து இறங்கியதும் வெளி லென்ஸில் ஆவி படிவது வேறு விஷயம், சில நிமிடத்தில் தானே போய்விடும். சட்டை நுனியால் தேய்க்காதீர்கள்.

விலைக்கு வருவோம். பைனாக்குலருக்குள் ஒளியைத் திருப்பிவிடும் கண்ணாடிக் கட்டிக்குப் பிரிசம் என்று பெயர், அதில் இரண்டு வகை. 150 வெள்ளிக்குள் என்றால் போரோ பிரிசம் வகை, அதாவது தோள் அகன்ற பழைய வடிவம், அதே காசுக்கு ஒல்லியான ரூஃப் பிரிசம் வகையைவிடத் தெளிவான படம் தரும். ரூஃப் வகையைச் செய்வது கடினம், மலிவாகச் செய்யும்போது படத்தில்தான் கை வைப்பார்கள். ஆனால் மலிவான போரோக்கள் பலவும் நீர் புகாதவை அல்ல, டப்பா அவசியம். 200, 300 வெள்ளி ஒதுக்க முடிந்தால் நைட்ரஜன் அடைத்த ரூஃப் வகை எடுங்கள், நம் மழைக்கு அதுதான் நிம்மதி. "ஃபுல்லி மல்டி கோட்டட்", அதாவது எல்லாக் கண்ணாடிப் பரப்பிலும் பல அடுக்குப் பூச்சு, என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பூச்சு இல்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றிலும் 4 விழுக்காட்டுக்கு மேல் ஒளி திரும்பிப் போய்விடும், உள்ளே அப்படிப் பல பரப்புகள் இருக்கின்றன. சிவப்பாக மின்னும் லென்ஸ், ஸூம், படம் தெளியத் திருகவே வேண்டாம் என்று விற்கிற வகை, மூன்றையும் தொடாதீர்கள்.

கடையில் விளம்பரப் பலகையைப் பார்க்காதீர்கள். அலமாரிக்கு அடியில், இருட்டு மூலையில் கிடக்கும் பெட்டியின் எழுத்தைப் படித்துப் பாருங்கள். கை நீட்டிப் பிடித்து அந்த வெள்ளைப் பொட்டைப் பாருங்கள். முழு வட்டமாக இருக்க வேண்டும், ஓரம் வெட்டுப்பட்டுச் சாம்பல் நிறத்தில் இருந்தால் உள்ளே மலிவான பிரிசம். இரண்டு நிமிடம் பார்த்ததும் கண் இழுத்து வலித்தால் இரண்டு குழாயும் ஒரே நேராக இல்லை, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இணையத்தில் பழையது வாங்குகிறவர்கள் கைப்பேசி விளக்கை ஒரு பக்கம் அடித்து மறுபக்கம் பாருங்கள், பூஞ்சை இருந்தால் காட்டிக்கொடுத்துவிடும். மூக்குக் கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணைத் தள்ளி வைத்தும் முழுப் படமும் தெரிகிறதா என்று கேட்டு வாங்குங்கள். கண்ணுக்கும் லென்ஸுக்கும் நடுவே அந்தத் தூரம் 16 மில்லிமீட்டராவது வேண்டும்.

வாங்கிய பிறகு பலரும் விட்டுவிடுவது ஒன்று உண்டு. போன மாதம் எங்களோடு வந்த ஒரு மாமி, நல்ல பைனாக்குலர் வைத்துக்கொண்டே, "எனக்கு வயசாயிடுச்சு தம்பி, எல்லாம் மங்கலாத்தான் தெரியுது" என்றார். வலது கண் வைக்கும் இடத்தில் ஒரு வளையம் இருக்கும். அதைத் திருப்பியதே இல்லை என்று தெரிந்தது. இடது கண்ணால் மட்டும் பார்த்து நடுத் திருகைச் சரிசெய்யச் சொன்னேன். பிறகு நடுத் திருகைத் தொடாமல், வலது கண்ணால் பார்த்து அந்த வளையத்தை மட்டும் மெல்லத் திருப்பச் சொன்னேன். திருப்பிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். எதிர்க் கம்பத்தில் ஒரு மீன்கொத்தி, வாயில் சின்ன நண்டு. அதைக் கம்பத்தில் ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டிருந்தது. "கால் ஒண்ணு கீழ விழுந்துடுச்சு" என்றார் மாமி, கண்ணை எடுக்காமலே.