செத்தவரும் சோம்பேறியா?

தருமபுரி மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் 2026 பொங்கல் விழாப் பட்டிமன்றம். தலைப்பு: "வாக்குப்பதிவு குறைவதற்குப் பெரிதும் காரணம் மக்களின் சோம்பலா, சலிப்பா?" சலிப்பே என்ற அணியில் ஓர் ஆசிரியை பேசியது.

நடுவர் ஐயா அவர்களே, கரும்பைக் கடிச்சு முடிச்சுட்டு அடுத்து எங்களைக் கடிக்கலாம்னு காத்திருக்கிற என் ஊர்ச் சனங்களே, எல்லாருக்கும் வணக்கம்.

எதிரணி அண்ணன் பேசி முடிச்சதும் கைதட்டினீங்க பாருங்க, மைக்செட்டே ஒரு ஆட்டம் ஆடிடுச்சு. ஏன் தட்டினீங்கன்னு எனக்குத் தெரியாதா? "2024 நாடாளுமன்றத் தேர்தல்ல தமிழ்நாட்டுலயே அதிகமா ஓட்டுப் போட்டது நம்ம தருமபுரி, 81.20 சதவீதம். கடைசி யாரு? மத்திய சென்னை, 53.96. நாம உழைப்பாளி, அவன் சோம்பேறி"ன்னாரு. இந்த ஊர்ல நின்னுக்கிட்டு இந்த ஊரைப் புகழ்ந்தா தட்டாம என்ன பண்ணுவீங்க? அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தா நானும் தட்டியிருப்பேன்.

அதோட விட்டாரா? "ஏப்ரல் 19 வெள்ளிக்கிழமை. சனி, ஞாயிறு சேர்த்து மூணு நாள் லீவு. சென்னைக்காரன் பையைத் தூக்கிக்கிட்டு ஊட்டிக்குப் போயிட்டான்"னாரு. அண்ணே, அந்த வாரம் சென்னை கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டுல நின்ன கூட்டத்தை நீங்க பார்க்கல போல. சிறப்புப் பேருந்து விட்டும் கால் வைக்க இடமில்லை. அத்தனை பேரும் ஊட்டிக்கா போனாங்க? என் சித்தி மகன் வில்லிவாக்கத்துல வாடகைக்கு இருக்கான், லேத் பட்டறையில வேலை. மத்திய சென்னைத் தொகுதி. அங்கேயும் பட்டியல்ல பேர் இருக்கு, இங்கேயும் இருக்கு. தப்புதான், ரெண்டு இடத்துல இருக்கக் கூடாது. ஆனா போட்டது ஒரு ஓட்டுதான். ராத்திரி பூரா நின்னுக்கிட்டே வந்து, காலையில முகத்தைக் கழுவிட்டு, இதோ இந்தப் பள்ளிக்கூடத்து வரிசையில நின்னு போட்டான். நம்ம 81ல அவனும் ஒரு ஆள். அன்னைக்குச் சாயங்காலம் மத்திய சென்னைக் கணக்குல அவன் 'வராதவன்'. ஒரே ஆளு, ஒரே விரல், ஒரே மை. இங்கே உழைப்பாளி, அங்கே சோம்பேறி!

இப்ப தட்டுறீங்க. நல்லது.

நடுவர் ஐயா, சதவீதம்னா என்ன? மேல ஒரு எண், கீழ ஒரு எண். மேல இருக்கிறது போட்ட ஓட்டு, அது சரியாத்தான் இருக்கும், இயந்திரம் எண்ணுது. கீழ இருக்கிறது பட்டியல். அந்தப் பட்டியல் எப்படி இருந்துச்சு? போன நவம்பர்ல அந்தப் பட்டியலைத் திருத்துறதுக்காக வீடு வீடா படிவத்தைத் தூக்கிக்கிட்டு எங்களை மாதிரி ஆளுங்கதான் அலைஞ்சோம். நாய் கடிக்காத வாத்தியார் இந்த ஒன்றியத்துல கொஞ்சம் பேருதான். டிசம்பர் 19ஆம் தேதி வரைவுப் பட்டியல் வந்துச்சு. மாநிலம் பூரா 97 லட்சத்துக்கும் மேல பேர் நீக்கம். அதுல இறந்தவங்க மட்டும் 26 லட்சத்துக்கும் மேல. வீடு மாறிப்போனவங்க, தேடிப்போனப்ப இல்லாதவங்க 66 லட்சம். சென்னை மாவட்டத்துல மட்டும் 14 லட்சம் பேர், அங்கே இருந்ததே 40 லட்சம். இதுல இருக்கிற ஆளையே இல்லைன்னு எடுத்துட்டாங்கன்னு பெரிய சண்டை நடக்குது, சேர்க்கச் சொல்லி இன்னைக்கும் படிவம் 6 எழுதிக்கிட்டுத்தான் இருக்கோம். அந்தச் சண்டைக்குள்ள நான் போகல. எனக்குத் தேவை ஒரு சின்னக் கணக்கு.

பட்டியல்ல 100 பேர். ஓட்டுப் போட்டது 54. அண்ணன் கணக்குல மிச்சம் 46 பேரும் சோம்பேறி. சென்னைப் பட்டியல்ல நீக்கினது நூத்துக்கு 35 பேர். நான் பாதிதான் எடுத்துக்கறேன், 17 பேர் 2024லயே அங்கே இல்லைன்னு வைங்க. 83 பேர்ல 54, எத்தனை வருது? 65. நடுவர் ஐயா, ஒருத்தரும் கூடுதலா வந்து ஓட்டுப் போடல, ஆனா பதினோரு சதவீதம் ஏறிடுச்சு! செத்தவங்க ஓட்டுப் போட வரலைன்னு அவங்களையும் சோம்பேறிக் கணக்குல சேர்த்தா எப்படிண்ணே? சுடுகாட்டுல போய் பூத் சிலிப் குடுத்தீங்களா?

சிரிக்கிறீங்க. நான் சிரிக்காத ஒரு இடத்தைச் சொல்றேன்.

அந்த 2024 தேர்தல்ல எனக்குப் பக்கத்துத் தொகுதியில பணி. ரெண்டாவது அலுவலர், அதாவது மை வைக்கிற ஆள். காலையில அஞ்சரைக்கே மாதிரி ஓட்டு, முகவர்கள் முன்னாடி அம்பது ஓட்டுப் போட்டுக் காட்டி, அழிச்சு, சீல் வைக்கணும். ஏழு மணிக்குக் கதவைத் திறந்தோம். பத்து மணி வாக்குல ஒரு அம்மா வந்தாங்க. அம்பது வயசுக்கு மேல இருக்கும், களை வெட்டுற வேலைக்கு அரை நாள் லீவு போட்டுட்டு வந்திருக்காங்க. ஆதார் கார்டை முந்தானையில முடிஞ்சு வச்சிருந்தாங்க. முதல் மேசையில பேரைத் தேடுறாரு, இல்லை. வீட்டு எண்ணை வச்சுத் தேடுறாரு, வருது. ஆனா அதுல அவங்க வீட்டுக்காரர் போட்டோதான் இருக்கு. செத்து மூணு வருஷமாச்சாம். அவர் சாவைச் சொல்லிப் பேரை எடுக்க எழுதிக் குடுத்திருக்காங்க. எடுத்தாங்க, யார் பேரை? இந்தம்மா பேரை.

அந்தம்மா கத்தல, சண்டை போடல. மேசைமேல இருந்த அந்தச் சின்னக் கறுப்பு வெள்ளைப் படத்தையே பார்த்தாங்க. "செத்த மனுசனுக்கு ஓட்டு இருக்கு, உசுரோட இருக்கிற எனக்கு இல்லையா டீச்சர்?"னு என்னைக் கேட்டாங்க. என் கையில மை பாட்டில். நான் என்னத்தச் சொல்ல?

இப்பக் கணக்குப் பாருங்க. வராதவர் யாரு? அந்த வீட்டுக்காரர். அவர் பட்டியல்ல இருக்காரு, அதனால சோம்பேறி. வெயில்ல நடந்து வந்த அந்தம்மா மேல இருக்கிற எண்ணுலயும் இல்லை, கீழ இருக்கிற எண்ணுலயும் இல்லை. ரெண்டுலயும் இல்லாத ஆளை எந்த அணியிலண்ணே சேர்ப்பீங்க?

"சரிம்மா, சோம்பல் இல்லேன்னு சொல்லிட்டே, சலிப்புதான்னு எங்கே காட்டினே?"ன்னு நடுவர் புருவத்தைத் தூக்குறார். வர்றேன்யா.

அதே ஏப்ரல் 19. கிழக்கு நாகாலாந்துல 6 மாவட்டம், 738 வாக்குச்சாவடி, 4 லட்சம் வாக்காளர். தனி மாநிலம் கேட்டுக் கேட்டு ஓய்ஞ்சுபோய், இந்தத் தேர்தல்ல கலந்துக்க மாட்டோம்னு முடிவெடுத்தாங்க. எங்களை மாதிரியே அலுவலருங்க இயந்திரத்தைத் திறந்து வச்சுக்கிட்டு நாள் பூரா உட்கார்ந்திருந்தாங்க. விழுந்த ஓட்டு? கிட்டத்தட்ட சுழியம். நாலு லட்சம் பேருக்கும் ஒரே நாள்ல சோம்பல் வந்துச்சா, அண்ணே? அவ்வளவு தூரம் வேணாம், நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்து ஏகனாபுரம். பரந்தூர் விமான நிலையத்துக்கு நிலம் போகுதுன்னு 2022லேருந்து போராடுற ஊர். அதே நாள் தேர்தலைப் புறக்கணிச்சாங்க. ஊரே வீட்டுல இருந்துச்சு. தூங்கல, முழிச்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு.

இந்தூர்ல இன்னொரு கூத்து. ஒரு பெரிய கட்சியோட வேட்பாளர் வாபஸ் வாங்குற கடைசி நாள்ல மனுவை எடுத்துக்கிட்டு நேரா எதிர்முகாம்ல போய்ச் சேர்ந்துட்டார். நான் அரசு ஊழியர், கட்சிப் பேரு என் வாயில வராது, நீங்களே போட்டுக்குங்க. மக்கள் என்ன பண்ணாங்க? 2,18,674 பேர் வரிசையில நின்னு நோட்டாவை அமுக்கினாங்க. சோம்பேறி, யாரும் வேணாம்னு சொல்றதுக்காக வெயில்ல நிப்பானா? அவன் வீட்டுல படுத்துக்கிட்டே சொல்லிடுவான்.

எதிரணியில தங்கச்சி ஒரு நல்ல கேள்வி கேட்டுச்சு, அதை நான் ஒதுக்க மாட்டேன். "தேர்தல் சூடா இருந்தா, ரெண்டு பக்கமும் முறைச்சுக்கிட்டு நின்னா, கூட்டம் அதிகமா வருமே? நம்ம மாவட்டமே அதுக்குச் சாட்சியாச்சே?"ன்னு. வரும்மா, வரும். வராம எங்கே போகும்? ஆனா அந்தச் சூட்டுல வெந்துபோறவனும் இருக்கான்.

நான் மை வச்ச அதே மேசை. மத்தியானம் மூணு மணி. ஒரு தம்பி, இருபத்தஞ்சு வயசு இருக்கும், பெங்களூர்ல கட்டட வேலை, கையில சிமெண்ட் பொரிஞ்ச தழும்பு. வரிசையில முக்கால் மணி நேரம் நின்னான். பதிவேட்டுல கையெழுத்துப் போட்டான், இடது கை ஆள்காட்டி விரலை நீட்டினான், மை வச்சேன், சீட்டும் குடுத்தேன். மூணாவது மேசைகிட்டப் போய் நின்னவன் சீட்டைத் திருப்பி வச்சுட்டான். "வேணாங்க, நான் போடல." தலைமை அலுவலர் பதறிட்டார். விதி இருக்கு, பதிவேட்டுல குறிப்பு எழுதிக் கையெழுத்து வாங்கணும். அவர் எழுதுற நேரத்துல நான் மெதுவா, "ஏன் தம்பி, இவ்வளவு தூரம் வந்துட்டு?"ன்னேன்.

"எங்கப்பா ஒரு கட்சி, தாய்மாமா ஒரு கட்சி டீச்சர். ஒரு மாசமா ரெண்டு பேருக்கும் பேச்சு இல்லை. மாமா பொண்ணைப் பேசி வச்சிருந்தாங்க, அதுவும் நின்னுபோச்சு. எதை அமுக்கினாலும் ஒரு வீட்டுக்கு எதிரா அமுக்கின மாதிரி."

"இது ரகசியம் தம்பி, யாருக்கும் தெரியப்போறதில்லை"ன்னேன்.

"எனக்குத் தெரியுமே டீச்சர்"னான்.

அந்தக் கட்சிக்குப் பின்னாடி எது நிக்குதுன்னு இந்த ஊர்ல நான் விளக்க வேண்டியதில்லை. தட்டுல சோறு போடுறப்பவே எவ்வளவு தூரம் தள்ளி உட்காரணும்னு பழகினவங்க நாம. தேர்தல் வந்தா அந்தத் தூரம் இன்னும் ரெண்டடி கூடுது. ஜெயிச்சவங்களும் தோத்தவங்களும் சட்டமன்றத்துலயோ நாடாளுமன்றத்துலயோ கைகுலுக்கிக்கறாங்க, அடுத்த தேர்தல்ல ஒரே வேன்ல நின்னு கையாட்டறாங்க. இங்கே மாமனும் மச்சானும் இன்னும் பேசிக்கல.

மணியில கை வைக்காதீங்கய்யா, முடிச்சுடறேன்.

81 சதவீதம் போட்டோம், சரி. நமக்கு என்ன வந்துச்சு? மொரப்பூர்–தருமபுரி ரயில். வெள்ளைக்காரன் காலத்துல ஓடின ரயில், 1941ல நிறுத்தினாங்க. அதுக்கப்புறம் தேர்தலுக்குத் தேர்தல் மேடையில மட்டும் ஓடுது. 2019 மார்ச்சுல அடிக்கல் நாட்டியாச்சு. இந்தப் பொங்கலுக்கு உங்க பிள்ளைங்க எதுல வந்தாங்க? பஸ்ஸுல. பென்னாகரம் பக்கம் கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவு இயந்திரம் கழுதை முதுகுல ஏறின படத்தைப் பத்திரிகையில போட்டு, 'ஜனநாயகத்தின் அழகு'ங்கறாங்க. படம் அழகுதான். அந்தப் பாதையில பிரசவ வலியோட ஒரு பொண்ணை இறக்கிப் பாருங்க, அப்பத் தெரியும் அழகு.

சென்னை மாநகராட்சியில 2022 பிப்ரவரியில 43 சதவீதம்தான் போட்டாங்கன்னு ஏளனம் பண்ணீங்க. அதுக்கு முன்னாடி அஞ்சு வருஷத்துக்கு மேல அங்கே கவுன்சிலரே கிடையாது. 2016 அக்டோபர்ல போனவங்க, தேர்தலே வைக்கல. சாக்கடை அடைச்சா யார் வீட்டுக் கதவைத் தட்டணும்னே மறந்துபோன ஊரு அது. தேர்தலை வைக்காம அஞ்சு வருஷம் தூங்கினது யாரு, சோம்பேறின்னு பேர் வாங்கினது யாரு? அட, நம்ம ஊராட்சிக்கு இப்ப தலைவர் யாருன்னு சொல்லுங்க பார்க்கலாம். போன வருஷம் ஜனவரி 5ஆம் தேதியோட பதவிக்காலம் முடிஞ்சுது. ஒரு வருஷமா தனி அலுவலர்தான். நாம ஓட்டுப் போடத் தயார், வையுங்கன்னு கேட்டா வைக்க ஆள் இல்லை.

அதே சென்னையில ஆர்.கே. நகர்னு ஒரு தொகுதி. 2017 ஏப்ரல்ல பணம் விளையாடுதுன்னு இடைத்தேர்தலையே நிறுத்தி, டிசம்பர்ல மறுபடி வச்சாங்க. 77 சதவீதத்தைத் தாண்டிச்சு. அதைச் சுறுசுறுப்புன்னு எழுதிக்கலாமா அண்ணே? நீங்களே சொல்லுங்க.

சோம்பேறியே இல்லைன்னு நான் சாதிக்கல. என் வீட்டுக்காரரே சாயங்காலம் அஞ்சரைக்குத்தான் சட்டையை மாட்டிக்கிட்டுப் போனாரு. அதோ, மூணாவது வரிசையில தலையைக் குனியறாரு பாருங்க. ஆனா அவர் ஒருத்தரைக் காட்டி, முந்தானையில ஆதார் கார்டை முடிஞ்சுக்கிட்டு வந்த அந்தம்மாவுக்கும் அதே பேரை வைக்காதீங்க.

அந்தம்மாவைப் போன வாரம் சந்தையில பார்த்தேன். வெத்தலை வாங்கிக்கிட்டு இருந்தாங்க. என்னை அடையாளம் தெரிஞ்சுடுச்சு. "இந்த வாட்டி வருவீங்களாம்மா?"ன்னு கேட்டேன். காம்பைக் கிள்ளிப் போட்டுட்டு, "நீ முதல்ல என் பேரு இருக்குதான்னு உன் கண்ணால பார்த்துச் சொல்லு டீச்சர், அப்புறம் லீவு போடறேன்"னாங்க.

வரைவுப் பட்டியல் செல்போன்ல இருந்துச்சு. அங்கேயே நின்னு தேடினோம். வீட்டுக்காரர் பேரை எடுத்துட்டாங்க. அவங்க பேரு இன்னும் ஏறல. படிவம் 6ஐ வெத்தலைக் கடைப் பலகைமேலயே வச்சு எழுதி வாங்கியிருக்கேன், நடுவர் ஐயா. இதோ என் பைக்குள்ள இருக்கு. நாளைக்குக் குடுக்கணும்.

நன்றி, வணக்கம்.