வாடைக்கு முன் ஒரு கணக்கு

(திருகோணமலையில் இளைஞர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தம்பிமாரே, தங்கச்சிமாரே,

2004 மார்கழி 26இல் கடல் ஊருக்குள் வந்தபோது கைக்குழந்தையாக இருந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். 2006இல் சம்பூரிலும் மூதூரிலும் இருந்து உடுத்த துணியோடு ஓடிய வீடுகளின் பிள்ளைகளும் இருக்கிறீர்கள். அப்படி வளர்ந்த உடம்பு ஆபத்தை முந்திக்கொண்டு மோப்பம் பிடிக்கும். அன்று உயிர் காத்த பழக்கம்தான் இன்று சொந்தத் தொழிலுக்குக் கடன் கேட்கப் போகும்போது வங்கி வாசலிலும் நெஞ்சை இடிக்க வைக்கிறது. அதைக் கோழைத்தனம் என்பவருக்கு விஷயம் தெரியாது.

வாசல்வரை போய்த் திரும்பினால் உடனே ஆறுதல் கிடைக்கும். அந்த ஆறுதல்தான் பயத்துக்குத் தீனி. ஆகவே படியைச் சின்னதாக்குங்கள். முதல் நாள் படிவம் மட்டும் வாங்குங்கள். மறுநாள் ஒரேயொரு கேள்வி கேளுங்கள். படபடப்பு ஏறும்போது வெளியே வராமல், தணியும்வரை நில்லுங்கள். அதே படி பழகிய பிறகே அடுத்தது.

இடம்பெயர்வில் பிறப்புச் சான்றிதழ் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தில் பிரதி எடுங்கள். படிப்பு பாதியில் நின்றாலும், வெல்டிங், தையல், தச்சு என்று கைப்பழக்கத்தில் கற்ற வேலைக்கு, முன்கற்றலை மதிப்பிடும் வழியால் என்.வி.கியூ. என்ற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் பெறலாம். செய்த வேலைகளின் படங்கள், பற்றுச்சீட்டுகள், வேலை கொடுத்தவரின் கடிதம் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் சேருங்கள். வேலையைச் செய்தும் காட்டவேண்டி வரும்.

இனிக் கடன். பலர் விழுவது இங்கேதான், துணிவில்லாமல் அல்ல, கணக்கில்லாமல். கடனைத் திருப்பிக் கட்டும் கிழமைக்கட்டணம் வருஷத்தின் 52 கிழமையும் வரும். கடல் வருமானம் அப்படி வராது. வாடைக்காற்றில் கரைவலையும் சிறுவள்ளங்களும் ஓய்ந்தால், மீனவர்களை நம்பிய கடையும் கராஜும் காயும். கட்டணம் கிழமைக்கு 4,000 ரூபா என்று வையுங்கள். வருமானம் ஓயும் காலம் 12 கிழமை என்றால் 48,000 ரூபா. அந்தத் தொகை கையில் இல்லாமல் கையெழுத்து வைக்காதீர்கள். இல்லாவிட்டால் நகை அடகுக்குப் போகும், அதை மீட்க இன்னொரு கடன், பிறகு கருவியே விலைப்படும். புது மெஷினும் முதல் வருஷமே வேண்டாம். வாடகைக்கு எடுத்து ஒரு பருவம் ஓட்டுங்கள். வரவையும் செலவையும் தினமும் கொப்பியில் எழுதுங்கள். வீட்டுச் செலவுக்கு வேறு பக்கம்.

ஒன்று மட்டும் தனியாகச் சொல்கிறேன். கெட்ட கனவு, தூக்கமின்மை, பழைய காட்சி கண்முன் வருவது என்று கிழமைக்கணக்கில் நீண்டால், படிப்படியாகப் பழகும் முறையைத் தனியே முயலாதீர்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எடுங்கள், அல்லது மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். கூட ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகலாம்.