மெத்தென்ற சீட் ஏன் வலிக்கிறது? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

பாளையங்கோட்டையிலிருந்து ஓர் அன்பர் எழுதியிருக்கிறார். ரோடு பைக்கில் (குனிந்து ஓட்டும் பந்தய வகைச் சைக்கிள்) கன்னியாகுமரிக்குப் போகும்போது நாங்குநேரி வரை அவருக்கு ஒன்றும் தெரிவதில்லையாம். வள்ளியூரைத் தாண்டியதும் உட்கார முடியாமல் வலித்து, முன்பக்கம் மரத்துப்போகிறதாம். ஜெல் கவர் வாங்கிப் போட்டதில் வலி கூடிவிட்டதென்றும், அதைவிட மெத்தென்ற சீட் எதுவென்று சொல்ல வேண்டுமென்றும் கேட்கிறார். மெத்தென்றதைப் போட்டு வலி கூடியதைத் தம் கையாலேயே எழுதிவிட்டு, அடுத்த வரியில் இன்னும் மெத்தென்றதைக் கேட்கிறாரே என்பதுதான் இந்தக் கேள்வியை இன்று முதலில் எடுக்க வைத்தது.

நம் பேச்சுகளைத் தொடர்ந்து கேட்பவர்களுக்கு நான் என்ன சொல்லப்போகிறேன் என்பது தெரிந்திருக்கும்: சீட்டில் எலும்பு உட்கார வேண்டும், சதை உட்காரக் கூடாது. இடுப்பெலும்பின் அடியில் இரு புறமும் இரண்டு முனைகள் இருக்கின்றன. உடம்பின் பாரத்தைத் தாங்க வேண்டியவை அவைதாம். அவற்றுக்கு நடுவே இருக்கும் மென்மையான பகுதியில் நரம்பும் இரத்தக் குழாய்களும் ஓடுகின்றன. தடித்த ஜெல்லின் மேல் உட்காரும்போது அந்த இரண்டு முனைகளும் உள்ளே அமிழ்ந்துவிட, ஒதுக்கப்பட்ட ஜெல் நடுவில் பிதுங்கி, அழுத்தமே படக்கூடாத அந்த இடத்தை அழுத்துகிறது. கடைத்தெருவுக்குப் போய்வரும் தூரத்தில் இது தெரியாது. கன்னியாகுமரி வரையிலான எண்பது கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரத்தில் தெரியாமல் இருக்காது.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது சீட்டின் அகலம். அதற்கு உங்கள் எலும்பை அளக்க வேண்டும்; வீட்டிலேயே அளக்கலாம். பார்சல் வரும் அட்டைப்பெட்டியிலிருந்து, உள்ளே நெளிநெளியாக மடிப்புள்ள அட்டையாகப் பார்த்து ஒரு துண்டு வெட்டி, திண்ணையின் மேல் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து, ஹேண்டில்பாரைப் பிடித்திருப்பதுபோல் முன்னால் சாய்ந்து சற்று நேரம் அழுத்துங்கள். எழுந்து வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் இரண்டு குழிகள் தெரியும். விரலால் தடவினால் இன்னும் தெளிவாகப் பிடிபடும். ஒரு குழியின் நடுவிலிருந்து மற்றதன் நடுவுக்கு எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து, அதனுடன் ஏறத்தாழ 20 முதல் 25 மில்லிமீட்டர் கூட்டிக்கொண்டால், ரோடு பைக்குக்கு வேண்டிய சீட்டின் அகலம் தோராயமாகக் கிடைத்துவிடும். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுபவர்களுக்கு அதைவிட அகலம் வேண்டும். ஆள் பருமனாக இருப்பதால் எலும்பின் இடைவெளியும் அதிகமாக இருக்கும் என்று கண்ணால் முடிவு செய்யாதீர்கள்.

வள்ளியூருக்குப் பிறகு ஏன் வலிக்கிறது என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். ஆனி, ஆடி மாதங்களில் பணகுடி, காவல்கிணறு பக்கம் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று எப்படி அடிக்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முப்பந்தலில் காற்றாலைகளை நிறுத்தி வைத்திருப்பதே அதற்காகத்தானே. அந்தக் காற்றுக்கு எதிரே எல்லோரும் தம்மை அறியாமல் குனிந்துவிடுகிறோம். குனிந்தால் இடுப்பு முன்னால் உருண்டு, பாரம் எலும்பு முனையிலிருந்து நகர்ந்து சதைக்கு வந்துவிடுகிறது. தென்காசி சாலையில் நிமிர்ந்து போகும்போது குறை சொல்லாத சீட், அங்கே உங்களைப் படுத்துவது இதனால்தான். நடுவில் பள்ளமோ திறப்போ உள்ள சீட் இப்படிக் குனிந்து ஓட்டுபவர்களில் பலருக்கு ஒத்துவருகிறது.

ஆனால் அன்பர் என்னிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ‘எந்த சீட்’ என்பதைவிட ‘எவ்வளவு உயரம்’ என்பதுதான். எனக்குத் தெரிந்த கல்லிடைக்குறிச்சி அண்ணாச்சி ஒருவர் சீட்டுக்கு மேல் சீட்டாக மாற்றிக்கொண்டே இருந்தார். பின்னாலிருந்து அவரைப் பார்த்தால், பெடல் கீழே போகும் ஒவ்வொரு முறையும் இடுப்பு அந்தப் பக்கம் சரிந்து எழுந்துகொண்டிருந்தது. சீட் உயரமாக இருந்ததால் கால் எட்டவில்லை. எட்டுவதற்காக அவர் சரிய, தொடையிடுக்கு உரசிப் புண்ணாகியது. சீட்டை ஒரு விரற்கடை இறக்கியதும் அந்தச் சரிவு நின்றது. பழைய சீட்டையே இப்போது ஓட்டிக்கொண்டிருக்கிறார். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தை வைத்தால் முழங்கால் இலேசாக மடங்கியிருக்கும். அதுதான் தொடக்க அளவு.

அடுத்து மட்டம். சீட்டின் மேல் ஒரு மரச்சட்டத்தை நீளவாக்கில் வைத்து, அதன்மேல் கொத்தனாரின் ரசமட்டத்தை வைத்துப் பாருங்கள். சீட்டின் மூக்கு, அதாவது முன்நுனி, மேலே தூக்கியிருந்தால் முன்பக்கம் மரத்துப்போகும். கீழே சாய்ந்திருந்தால் உடம்பு முன்னால் வழுக்கி, கையில் பாரம் ஏறி, உள்ளங்கை மரத்துவிடும். கழற்றுவதற்கு முன் பழைய உயரத்தை ஒரு டேப் ஒட்டி அடையாளம் செய்துகொள்ளுங்கள். இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் எது குணப்படுத்தியது என்பது தெரியாமல் போகும்.

தோல் சீட்டைப் பற்றியும் சிலர் கேட்கிறீர்கள். இங்கிலாந்தின் புரூக்ஸ் கம்பெனி 1866இல் தொடங்கியது. அதன் பி17 சீட்டை நெடுந்தூரம் ஓட்டுபவர்கள் இன்றும் தேடி வாங்குகிறார்கள். பஞ்சு இல்லாத வெறும் தோல், நாளடைவில் உட்காருபவரின் எலும்புக்குத் தக்கபடி குழிகிறது. நல்ல சாமான்தான், ஆனால் குற்றாலச் சாரலிலும் ஐப்பசி மழையிலும் மூடி வைக்கப் பொறுமை இல்லாதவர்கள் அதன் பக்கம் போக வேண்டாம்.

பேடட் ஷார்ட்ஸ் (உட்காரும் இடத்தில் மெத்தை வைத்துத் தைத்த கால்சட்டை) போடுபவர்கள் உள்ளே ஜட்டி அணியாதீர்கள். ஜட்டியின் தையல்தான் அறுக்கும்.

அன்பருக்கு: முதலில் அந்த ஜெல் கவரைக் கழற்றிவிடுங்கள். உயரத்தையும் மட்டத்தையும் ஒவ்வொன்றாகச் சரிசெய்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பெடலில் எழுந்து நின்று, வள்ளியூர் வரை போய்வாருங்கள். அதற்குப் பிறகும் வலித்தால் அட்டையை வைத்து அளந்துகொண்டு கடைக்குப் போகலாம். சைக்கிளைவிட்டு இறங்கிய பிறகும் மரத்துப்போனது நெடுநேரம் தெளியாவிட்டால், சீட்டை ஓரமாக வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.