ஐந்நூறு ரூபாய்க்கு ஊருக்கே திறந்துவிட்ட சர்வர்

வணக்கம் நண்பர்களே. பாம்பனிலிருந்து பேசுகிறேன். பின்னால் இரைவது கச்சான் காற்று. மைக்கில் துணி சுற்றியும் அடங்கவில்லை. வழக்கமாக டீயை முடித்துவிட்டுத்தான் திட்ட ஆரம்பிப்பேன் என்று உங்களுக்குத் தெரியும். இன்று டீ ஆறினால் ஆறட்டும்.

மாமாவின் கருவாட்டுக் கடை இணையதளம் நினைவிருக்கிறதா? நெத்திலியையும் சீலாவையும் வெயிலில் வைத்துப் படம் எடுத்தோமே, அதுதான். மைக்ரோசாஃப்ட்டின் மேகக் கணினிச் சேவையான அஷ்யூரின் சென்னை மையத்தில், வாடகைக்கு எடுத்த ஒரு சின்ன லினக்ஸ் மெய்நிகர் கணினியில் அது ஓடுகிறது. வெளியுலகம் அதைத் தேடி வரும் எண்தான் பொது ஐபி முகவரி. அதில் பேசிக் என்ற வகை 2025 செப்டம்பர் 30-ஆம் தேதியோடு முடியும் என்று வெகு முன்பே அறிவித்திருந்தார்கள். ஸ்டாண்டர்டு வகைக்கு மாற்றியதும் தளம் திறக்கவில்லை. இதில் மர்மம் எதுவும் இல்லை. பேசிக் முகவரி கேட்காமலேயே திறந்திருக்கும். ஸ்டாண்டர்டு அப்படியல்ல, நெட்வொர்க் செக்யூரிட்டி குரூப் என்ற காவல் விதிப் பட்டியலில் அனுமதி விதி எழுதும்வரை வெளியிலிருந்து வரும் எதையும் உள்ளே விடாது. எனக்கு மிகவும் பிடித்த குணம் அது.

நான் மதுரைக்குப் போயிருந்த நேரம். மாமா யாரோ ஒரு தம்பியைக் கூப்பிட்டிருக்கிறார். தம்பி எழுதிய விதி இதுதான்: முன்னுரிமை 100, எங்கிருந்தும், எந்த போர்ட்டுக்கும், எந்த நெறிமுறையிலும் அனுமதி. போர்ட் என்பது கணினிக்குள் நுழைய எண் போட்ட வாசல். தளம் திறந்தது. கூலி ஐந்நூறு ரூபாய். ஐந்நூறு! பூட்டு திறக்கவில்லை என்று ஆளைக் கூப்பிட்டால், கதவையே கழற்றிச் சாத்திவைத்துவிட்டுக் கூலி வாங்கிப் போகிற கதை. “கூடவே டீயும் வாங்கிக் கொடுத்தேனே” என்கிறார் மாமா. அந்த டீக்காசை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

அந்த ஒரு வரியால் என்ன ஆனது தெரியுமா? கடைக்கு வேண்டியது இணையதளத்துக்கான 80, 443 இரண்டு போர்ட்டுகள். ஆனால் தூரத்திலிருந்து கணினிக்குள் நுழைந்து வேலை செய்ய உதவும் எஸ்எஸ்ஹெச்சின் 22-உம், கடன் கணக்கெல்லாம் இருக்கும் தரவுத்தளமான மைஎஸ்கியூஎல்லின் 3306-உம் சேர்ந்து உலகத்துக்கே திறந்துகிடந்தன. தோற்றுப்போன நுழைவு முயற்சிகளின் பதிவைத் திறந்தால் ரூட், அட்மின், டெஸ்ட், ஆரக்கிள் என்று பெயர் பெயராக முயன்று பார்த்திருக்கிறார்கள். கருவாட்டுக் கடைக்கு யார் வரப்போகிறார்கள் என்று கேட்காதீர்கள். தேடி வருவது ஆள் இல்லை, எல்லா முகவரிகளையும் வரிசையாகத் தட்டிப் பார்க்கும் நிரல்.

இன்னொன்று. பயந்துபோன மாமாவின் மகன், முன்னுரிமை 200 என்று 3306-க்குத் தடை விதி ஒன்று சேர்த்திருந்தான். பயனே இல்லை. நாம் எழுதும் விதிகளுக்கு முன்னுரிமை எண்கள் 100 முதல் 4096 வரை. சிறிய எண்தான் முதலில் பார்க்கப்படும், பொருந்திவிட்டால் அதோடு தீர்ப்பு முடிந்தது. 100 ஏற்கெனவே எல்லாரையும் உள்ளே விட்டபின் 200 யாரைத் தடுக்கும்? நாம் தொடாத 65500-இல் ‘மற்ற எல்லாவற்றுக்கும் தடை’ என்ற விதி தானாகவே இருக்கிறது. அதனால் அந்த 100-ஐ நீக்கினேன். 80-க்கும் 443-க்கும் மட்டும் அனுமதி எழுதினேன். பதில் வெளியே போகத் தனி விதி வேண்டாம். உள்ளே வந்த தொடர்பை அதுவே நினைவில் வைத்துக்கொள்ளும்.

சொல்ல விட்டுவிட்டேன்: புறப்படும் போர்ட் என்ற கட்டத்தில் 443 என்று எழுதாதீர்கள்! அங்கே நட்சத்திரக் குறிதான். வருகிறவரின் கணினி தன் பக்கத்துப் போர்ட்டை அவ்வப்போது தானே எடுத்துக்கொள்ளும். 443 சேருமிடக் கட்டத்துக்கு உரியது.

இப்போது என் தலைவலி, 22. ‘என் ஐபி முகவரி’க்கு மட்டும் திறக்கலாம் என்று எல்லாப் பாடக் காணொளிகளும் சொல்கின்றன. அவர்கள் வீட்டில் கரண்ட் போவதில்லை போலிருக்கிறது. இங்கே ரௌட்டர் அணைந்து எழுந்தால் முகவரி வேறு. போதாததற்கு, எங்கள் தெருவுக்கு இணைப்பு கொடுப்பவர் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு வைக்கிறார். ரௌட்டரின் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால் உங்கள் வீடும் இந்தப் பங்கில்தான். அந்தப் பொது முகவரியை அனுமதித்தால் பக்கத்து வீடுகளையும் சேர்த்தே அனுமதித்ததாக ஆகும்.

ஆகவே வயர்கார்டு, அதாவது சாவி உள்ளவர் மட்டும் போகக்கூடிய மறையாக்கிய சுரங்கப்பாதை (விபிஎன்). அந்த மெய்நிகர் கணினியிலேயே அதை நிறுவி, 51820 போர்ட்டை மட்டும் திறந்தேன். நெறிமுறை யூடிபி, பழக்கத்தில் டிசிபி என்று தேர்ந்தெடுத்தால் இரவு முழுக்க உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். சரியான சாவி இல்லாமல் வருகிறவருக்கு வயர்கார்டு பதிலே சொல்லாது. அங்கே ஒன்று இருக்கிறது என்பதுகூட வெளியே தெரியாது. எஸ்எஸ்ஹெச் அந்தச் சுரங்கத்துக்குள் போய்விட்டது. 22-க்கு இப்போது விதியே இல்லை. அன்று மாலை பதிவைத் திறந்துவைத்துக்கொண்டு, யாரும் தட்டாததை அரை மணி நேரம் ரசித்துப் பார்த்தேன். வீட்டில் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

கொஞ்சம் பின்னால் போகிறேன். விதியை நீக்கியபின் பழைய ஜன்னலிலேயே சோதிக்காதீர்கள். மாற்றம் புதிய தொடர்புகளுக்கு மட்டும்தான். ஏற்கெனவே இருக்கும் தொடர்பு அறுபடாது. புது ஜன்னல் திறந்து பாருங்கள். நீங்களே வெளியில் மாட்டிக்கொண்டால் அஷ்யூரின் நிர்வாகப் பக்கமான போர்ட்டலில், நெட்வொர்க் வழியே போகாமல் கணினிக்குள் நுழைய சீரியல் கன்சோல் இருக்கிறது. அதற்குத் தேவையான பூட் டயக்னாஸ்டிக்ஸ் அமைப்பையும் கடவுச்சொல் உள்ள ஒரு பயனரையும் முன்கூட்டியே தயாராக வைத்திருங்கள்.

கீழக்கரையிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார்: விதி சரியாக இருக்கிறது, ஆனாலும் திறக்கவில்லை என்று. சப்நெட் எனும் உள்வலைப் பகுதிக்கு ஒரு செக்யூரிட்டி குரூப், கணினியின் நெட்வொர்க் கார்டுக்கு ஒரு குரூப் என இரண்டு மாட்டியிருந்தால் இரண்டுமே அனுமதிக்க வேண்டும் அண்ணே. கார்டின் பக்கத்தில் ‘எஃபெக்டிவ் செக்யூரிட்டி ரூல்ஸ்’ என்பதைத் திறந்தால் இரண்டின் விதிகளும் தெரியும். அதைப் படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். ஐபியை மறைத்துவிட்டு அனுப்புங்கள்.