அம்பாசிடர் ஒழுகுதா? சிலிக்கான் ட்யூபைக் கீழ வைங்க!

வணக்கம் மக்களே! நேத்து மழை விட்டதுலேர்ந்து, தண்ணி ஒழுகுற உங்க அம்பாசிடர் போட்டோவா வந்து குவியுது. எல்லாத்துலயும் முன் கண்ணாடியைச் சுத்தி சிலிக்கான்! போன வீடியோலயே தலைபாடா அடிச்சுக்கிட்டேனே. புளிச்ச வாடை அடிக்கிற சிலிக்கான்ல அசிட்டிக் ஆசிட் வரும், தகரம் துரு புடிக்கும். காசிமேட்டு உப்புக்காத்து போதாதா? கண்ணாடி ரப்பர் நல்லா இருந்தா, ஓரத்தைத் தூக்கி காயாத சீலன்ட் (சந்தை அடைக்கிற பசை) உள்ள விடுங்க. கல்லாயிருந்தா மாத்துங்க.

முதல்ல ஒழுகுற இடம் தெரியணும். ஒருத்தர் டார்ச்சோட உள்ள, ஒருத்தர் ஓஸோட வெளிய. கீழேர்ந்து மேல, இடத்துக்கு 2 நிமிஷம். மேலேர்ந்து ஊத்தினா எல்லாமே நனைஞ்சிடும், ஒண்ணும் புரியாது. கால்மேட் ஈரத்தை நம்பாதீங்க. கண்ணாடி மூலையில பூந்த தண்ணியும் டேஷ்போர்டு பின்னாடி இறங்கி அங்கதான் நிக்கும்.

கதவு ரப்பருக்கு கயிறு வச்சு அளவெடுங்க. ஈபிடிஎம் கேளுங்க, வெயில் மழை தாங்குற ரப்பர் அது; ஸ்பாஞ்சு வேணாம், தண்ணி குடிக்கும். அம்பாசிடர் உற்பத்தி 2014-லயே நின்னுபோச்சு; கடையில தூங்குன ஸ்டாக்கா இருந்தா வளைச்சுப் பாருங்க, வெடிப்பு தெரிஞ்சா வாங்காதீங்க. பழைய பசைக்கு மண்ணெண்ணெய், அப்புறம் சோப்புத் தண்ணி. தின்னர் பெயின்ட்டை எடுத்துடும்.

புதுப் பசையை ரப்பர்லயும் அது ஒட்டுற இடத்துலயும் மெலிசா தடவுங்க. விரல்ல ஒட்டாத பதம் வந்ததும் வைங்க. இழுக்காதீங்க! இழுத்து ஒட்டுன ரப்பர் நாளைக்கே சுருங்கி சந்து விடும். ஜாயின்ட் கதவுக்கு அடியில வரணும், மேல வரவே கூடாது. இந்த ஜாயின்ட்லதான் முக்கால்வாசி பேர் கோட்டை விடுறாங்க. கத்தரிக்கோல் ரப்பரை நசுக்கும். புது பிளேடுல சோப்புத்தண்ணி தொட்டு நேரா அறுங்க, 1 சென்டிமீட்டர் கூடவே. ரப்பர் நடுவுல ஓட்டை இருக்குல்ல, அதுல 3 சென்டிமீட்டர் ரப்பர் ட்யூப் துண்டைப் பசை தடவி ரெண்டு முனைக்கும் சொருகி, நெருக்கி முட்ட வைங்க. கோடே தெரியாது! அவ்ளோ அழகு!

ஐயோ, முதல்லயே சொல்லியிருக்கணும்: கதவுக்கு அடியில இருக்குற வடிகால் ஓட்டையைக் கம்பியால குத்தி விடுங்க. ஜன்னல் கண்ணாடி வழியா கதவுக்குள்ள தண்ணி இறங்கத்தான் செய்யும், அது அங்கதான் வெளிய போகணும். உள் பலகைக்குப் பின்னாடி பாலித்தீன் ஷீட் கிழிஞ்சிருந்தா அதையும் மாத்துங்க.

கடைசியா 10 ரூபா நோட்டை வச்சு கதவைச் சாத்தி இழுங்க, சுத்திலும். பிடிச்சு பிடிச்சு வரணும். வழுக்கினா அங்க சந்து. கதவை ஓங்கி அடிச்சாத்தான் பூட்டுதுன்னா லாக் பிளேட்டை (கதவுப் பூட்டு போய் மாட்டுற தகடு) கொஞ்சம் வெளிய தள்ளுங்க, ரப்பரை அறுக்காதீங்க. ரப்பர் மேல பவுடர் தூவி, கதவைச் சாத்தி ஒரு ராத்திரி விடுங்க. ஓஸ் அடிச்சுப் பாக்குறது காலையிலதான்.